1851 லண்டன்ல பூட்ஸ் திருடின பையனுக்கு கோர்ட்ல என்ன நடக்கும்?

நாணல்:
வணக்கம் மக்களே. ஒரு தொடர்கதை எழுதிட்டு இருக்கேன், நடக்கறது 1851 லண்டன், ஹைட் பார்க்ல அந்த பெரிய கண்ணாடி மாளிகை எக்சிபிஷன் நடந்த வருஷம். 13 வயசு பையனும் அவனோட 19 வயசு அண்ணனும் ட்ரூரி லேன்ல ஒரு கடை வாசல்ல தொங்கவிட்டிருந்த ஒரு ஜோடி பூட்ஸை உருவிட்டு ஓடறாங்க, தெரு முனையிலயே போலீஸ் புடிச்சிடுது. பூட்ஸ் விலை 4 ஷில்லிங்னு வெச்சிருக்கேன். இதுக்கப்புறம்தான் பேனா நகர மாட்டேங்குது. விக் வெச்ச ஜட்ஜ், 12 பேர் ஜூரி, அம்மா மயங்கி விழறா, தூக்கு தண்டனைன்னு சினிமா மாதிரி போறதா, இல்ல வேற ஏதாவதா? அந்தக் காலத்துல சின்ன திருட்டுக்கே தூக்குல போடுவாங்கன்னு எங்கயோ படிச்ச ஞாபகம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, நீளமா எழுதினாலும் பரவால்ல, படிப்பேன்.

கட்டுக்கட்டா:
தூக்கை மொதல்ல எடுத்துடுங்க. நீங்க படிச்சது பொய் இல்ல, ஆனா அது ஒரு தலைமுறை முந்தின கதை. கடையில 5 ஷில்லிங் சரக்கை யாருக்கும் தெரியாம தூக்கினா தூக்குன்னு ஒரு சட்டம் 1699லேர்ந்து இருந்துச்சு, 1820ல அந்த 5 ஷில்லிங்கை 15 பவுண்டா (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்) ஏத்துனாங்க, மூணு வருஷத்துல அதையும் எடுத்துட்டாங்க. ஜேப்படிக்கு தூக்குங்கறது 1808லயே போயிடுச்சு. அந்த சட்டம் இருந்தப்பவே ஜூரிக்காரங்க பாவம் பாத்து 5 ஷில்லிங் பொருளை 4 ஷில்லிங் சொச்சம்னு மதிப்பு போட்டு ஆளைக் காப்பாத்துவாங்க, அது தனி கதை.

இப்ப உங்க கேஸ். ட்ரூரி லேன்னா பக்கத்துலயே போ ஸ்ட்ரீட் போலீஸ் கோர்ட். ராத்திரி ஸ்டேஷன் லாக்கப், காலைல கோர்ட். இங்க ஜூரி கிடையாது. சம்பளத்துக்கு இருக்கற ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட், 1839 சட்டப்படி அவர் குறைஞ்சது ஏழு வருஷம் பாரிஸ்டரா இருந்த ஆளா இருக்கணும். அவருக்கு கீழ ஒரு கிளார்க் உக்காந்து எழுதிட்டே இருப்பார், எதிர்ல குற்றவாளிக் கூண்டு, ஓரத்துல பத்திரிகைக்காரங்க ரெண்டு மூணு பேர், பின்னாடி கும்பலா ஜனம், அவ்ளோதான் சீன்.

இங்கதான் உங்க கதைக்கு ஒரு நல்ல முடிச்சு இருக்கு, நீங்க தெரியாமயே போட்டிருக்கீங்க. அந்த வருஷத்துல அண்ணனுக்கும் தம்பிக்கும் வேற வேற பாதை. 1847ல ஒரு சட்டம் வந்துச்சு, 14 வயசு வரைக்கும் உள்ள பசங்க செஞ்ச சாதா திருட்டை ஜூரி இல்லாம மாஜிஸ்ட்ரேட்டே விசாரிச்சு முடிச்சிடலாம்னு, 1850ல அதை 16 வயசு வரை நீட்டினாங்க. அதிகபட்சம் 3 மாசம் ஜெயில், இல்ல 3 பவுண்டு வரை அபராதம், பையன்னா பிரம்படியும் போடலாம். ஆக தம்பி கேஸ் அன்னிக்கே பத்து நிமிஷத்துல முடியும். அண்ணனுக்கு 19, அவனை இந்த மாஜிஸ்ட்ரேட் தண்டிக்க முடியாது. சாட்சி வாக்குமூலத்தை எழுதி வாங்கிட்டு கிளர்க்கன்வெல் கிரீன்ல இருந்த மிடில்செக்ஸ் செஷன்ஸ்ங்கற மேல் கோர்ட்டுக்கோ, ஓல்டு பெய்லிங்கற பெரிய கிரிமினல் கோர்ட்டுக்கோ அனுப்புவார், ஜூரி அங்க. அதுவரை ஆள் ரிமாண்ட்ல. நாலே வருஷம் தள்ளி 1855னு கதையை வெச்சிருந்தீங்கன்னா 5 ஷில்லிங்குக்கு உள்பட்ட திருட்டுங்கறதால அண்ணன் சம்மதிச்சா அவன் கேஸும் போ ஸ்ட்ரீட்லயே முடிஞ்சிருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதால இது பெரிய கோர்ட்டுக்குத்தான் சரின்னு மாஜிஸ்ட்ரேட் நினைச்சா தம்பியையும் சேர்த்து அனுப்பிடலாம். கதாசிரியர் நீங்க, எது வேணுமோ எடுத்துக்கோங்க. நான்னா பிரிச்சு வெச்சிருப்பேன்.

ரயில்பூச்சி:
சூப்பரா சொன்னீங்க அண்ணே. ஆனா ஏன் இப்படி ஜூரியைக் கழட்டிவிட்டாங்கன்னு சொல்லலியே, அது கதைக்கு ரொம்ப முக்கியம்னு நினைக்கறேன். நம்மாளுங்க இதை பசங்க மேல இரக்கம்னு மட்டும் சொல்லி முடிச்சிடுவாங்க, பாதி உண்மை. மீதி பாதி என்னன்னா கேஸ் நடத்துற வேலை அன்னிக்கு பெரும்பாலும் பொருளைப் பறிகொடுத்தவன் தலையில. செருப்புக்கடைக்காரன் பெரிய கோர்ட்டுக்குப் போகணும், வராம போனா பணம் கட்டணும்னு எழுதிக் கொடுத்து மாட்டிக்கிட்டு, கேஸ் எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாம நாள் பூரா வாசல்ல நிக்கணும், இதெல்லாம் 4 ஷில்லிங் பூட்ஸுக்கு! பூட்ஸ்தான் திரும்பி வந்துடுச்சே போனா போகுதுன்னு நிறைய பேர் கேஸே கொடுக்காம விட்டாங்க. போலீஸ் கோர்ட்லயே முடிஞ்சா அவனுக்கு அரை நாள் வியாபாரம்தான் போகும். பசங்களும் விசாரணைக்கு முன்னாடியே வாரக்கணக்கா பெரிய திருடனுங்களோட அடைஞ்சு கிடக்க வேண்டாம், அரசாங்கத்துக்கும் செலவு மிச்சம். எல்லாருக்கும் லாபம், பையனுக்கு ஜூரி போச்சு. எனக்கென்னவோ இது நல்ல பேரம்னு தோணல, கட்டுக்கட்டா சண்டைக்கு வருவார் தெரியும்.

அப்புறம் போலீஸ்காரன் டிரெஸ். 1851ல ஹெல்மெட் போட்டுடாதீங்க, அது 1860கள்ல வந்தது. உயரமான டாப் ஹேட், நீல கலர் வால் கோட்டு, காலர்ல நம்பர். விசிலும் கிடையாது, கைல சுத்தினா கடகடன்னு சத்தம் போடற மரக் கிலுகிலுப்பைதான். அந்த சத்தம் கேட்டு பையன் ஓடறதுன்னு ஒரு வரி எழுதுங்க, சும்மா அள்ளும்.

கட்டுக்கட்டா:
சண்டைக்கெல்லாம் வரல தம்பி. ஆனா ஓல்டு பெய்லி ஜூரின்னா ஏதோ நாள் கணக்கா உக்காந்து யோசிச்சாங்கன்னு நினைச்சுக்காதீங்க, சின்ன திருட்டு கேஸெல்லாம் அங்கயும் சில நிமிஷத்துல முடிஞ்சுது, ஜூரி எந்திரிச்சு வெளிய கூட போகாது, தலையை ஒண்ணா வெச்சு குசுகுசுன்னு பேசிட்டு தீர்ப்பு சொல்லிடும். வக்கீல் வெச்சுக்கற உரிமை 1836லேர்ந்து எல்லா கோர்ட்லயும் இருந்துச்சு, காசு யார்கிட்ட இருந்துச்சு? கூண்டுல நிக்கறவன் சத்தியம் பண்ணி தனக்காக சாட்சி சொல்ற உரிமை எல்லா கேஸுக்கும் வந்தது 1898ல. ஜூரி போனதுல பையன் இழந்தது நீங்க நினைக்கற அளவு பெருசில்லங்கறது என் கட்சி.

நாணல்:
அய்யோ இது தங்கச்சுரங்கம். ரெண்டு சந்தேகம். தம்பியை எந்த ஜெயிலுக்கு அனுப்புவாங்க? இன்னொண்ணு, பூட்ஸ் யாருதுன்னே தெரியலன்னா, அதாவது கடைக்காரன் வரவே இல்லன்னா ரெண்டு பேரும் தப்பிச்சிடுவாங்களா?

தாழ்வாரம்:
ரெண்டாவதுக்கு நான் சொல்றேன், ஏன்னா இதுதான் இந்த சப்ஜெக்ட்லயே எனக்கு கோவம் வர்ற இடம். தப்பிக்கறது கஷ்டம். 1839 போலீஸ் கோர்ட் சட்டத்துல ஒரு பிரிவு இருந்துச்சு, ஒருத்தன் கைல இருக்கற பொருள் திருட்டுப் பொருளா இருக்கலாம்னு நியாயமான சந்தேகம் இருந்தா போதும், அது எப்படி வந்துச்சுன்னு மாஜிஸ்ட்ரேட்டுக்குத் திருப்தியா அவன் சொல்லியாகணும். சொல்ல முடியலன்னா 5 பவுண்டு வரை அபராதம் இல்ல ரெண்டு மாசம் உள்ள. பொருள் யாருதுன்னு யாரும் நிரூபிக்க வேணாம், திருட்டுன்னும் நிரூபிக்க வேணாம். தேம்ஸ் துறைமுகத்துல வேலை பாத்துட்டு பாக்கெட்ல கொஞ்சம் சர்க்கரையோட வீட்டுக்குப் போறவன், தோள்ல பழைய கயிறு போட்டுட்டுப் போறவன் எல்லாம் இதுல மாட்டினாங்க. நல்ல கோட்டு போட்ட ஆளை நிறுத்தி உன் பாக்கெட் கடியாரம் எப்படி வந்துச்சுன்னு கேட்டிருப்பாங்களா?

இதுக்கு மேல 1824 நாடோடி சட்டம் வேற. திருடன்னு பேர் எடுத்தவன் தெருவுல, துறைமுகத்துல, கூட்டமான இடத்துல திருடற எண்ணத்தோட சுத்தினான்னு சொன்னா போதும், மூணு மாசம் வரை கடுங்காவல். கைல ஒண்ணுமே இல்லன்னாலும். எண்ணம் என்னன்னு யார் சொல்லுவா, அதே கான்ஸ்டபிள்தான். எக்சிபிஷன் வருஷம், ஊர் பூரா வெளியூர் கூட்டம். உங்க அண்ணன்காரன் ஏற்கனவே ஒரு தடவை உள்ள போனவன்னா ஒரு பஸ் பக்கத்துல நின்னாலே புடிச்சு உள்ள போடலாம் (குதிரை பஸ் தான், 1829லேர்ந்து லண்டன்ல ஓடுது).

கட்டுக்கட்டா:
ஜெயிலுக்கு: டோட்ஹில் ஃபீல்ட்ஸ், வெஸ்ட்மின்ஸ்டர்ல. 1850லேர்ந்து அங்க பொம்பளைங்களும் 17 வயசுக்குக் கீழ உள்ள பசங்களும் மட்டும்தான், சரியா உங்க வருஷத்துக்குப் பொருந்துது. பேசவே கூடாதுங்கற ஊமை ஒழுங்கு. வேலை ஓக்கம் பிரிக்கறது, அதாவது தார் பூசின பழைய கப்பல் கயிறைத் துண்டு துண்டா கொடுத்துடுவாங்க, நாரு நாரா விரலாலயே பிரிக்கணும், அந்த நாரை கப்பல் பலகை இடுக்குல அடைப்பாங்க. விரல் நுனியெல்லாம் கிழிஞ்சிடும். அண்ணன் தண்டனை ஆனா கோல்டுபாத் ஃபீல்ட்ஸ், அங்க மிதிசக்கரம். படி ஏறிட்டே இருக்கணும், மேல போகவே மாட்டான். சீர்திருத்தப் பள்ளின்னு எதையும் கோர்ட் அனுப்பற மாதிரி எழுதாதீங்க, அந்த சட்டம் 1854ல, அதுலயும் பையன் மொதல்ல 14 நாளாவது ஜெயில்ல இருந்துட்டுத்தான் பள்ளிக்குப் போகணும்னு வெச்சிருந்தாங்க. இந்தப் பள்ளிகளுக்காகப் பாடுபட்ட மேரி கார்பென்டர் பசங்களை ஜெயிலுக்கே அனுப்பக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க.

திண்ணைப்பாட்டி:
பிள்ளைங்களா எல்லாரும் திருடனையே பேசறீங்க. அந்தக் கோர்ட் வாசல்ல காலைல யார் நிப்பாங்கன்னு பார்த்தா திருடன் கொஞ்சம் பேர்தான். குடிச்சிட்டு விழுந்தவன், பக்கத்து வீட்டுக்காரியோட குடுமிப்பிடி சண்டை போட்டவ, தள்ளுவண்டியை நடுரோட்டுல நிறுத்தின காய்கறிக்காரன், புருஷன் அடிச்சான்னு கண்ணு வீங்கி வந்தவ. அதே 1839ல வந்த இன்னொரு போலீஸ் சட்டத்துல பாருங்க, தெருவுல மத்தவங்களுக்குத் தொல்லையா பட்டம் விட்டா, சும்மா வீட்டு மணி அடிச்சிட்டு ஓடினா, எல்லாத்துக்கும் 40 ஷில்லிங் வரை அபராதம்! பையன் கேஸுக்கு முன்னாடி இப்படி நாலு கேஸ் வரட்டும் நாணல், மாஜிஸ்ட்ரேட் அலுத்துப் போயிருக்கறது அப்பதான் தெரியும்.

அபராதத்தைச் சும்மா நினைக்காதீங்க. 1872 சட்டப்படி குடிபோதைக்கு மொத தடவை 10 ஷில்லிங் வரை. லண்டன்ல கூலிக்காரன் வார சம்பளம் அப்ப சுமார் ஒரு பவுண்டு, அதாவது 20 ஷில்லிங், அதுல பாதி. அங்கயே கட்டலன்னா ஜெயில், 1879ல வந்த கணக்குப்படி 10 ஷில்லிங்குக்கு ஏழு நாள் வரை. பணம் கட்ட அவகாசம் கொடுத்தே ஆகணுங்கற நிலைமை 1914ல தான் வந்துச்சு, அதுவரை ஜெயிலுக்குள்ள போன கூட்டத்துல ரொம்ப பேர் காசில்லாததுக்காகவே போனவங்க. ஜேன் கேக்பிரெட்னு ஒரு அம்மா, குடிச்சதுக்காக 250 தடவைக்கு மேல தண்டனை வாங்கினவங்க, பத்திரிகையெல்லாம் அவங்களை வெச்சு ஜோக் அடிச்சுது, கடைசியில கிளேபரி மனநல மருத்துவமனையில 1898ல போய்ச் சேர்ந்தாங்க. 250 தடவை உள்ள போட்டும் யாருக்கும் வேற யோசனை வரலையான்னு கேட்டா, வந்துச்சு, மெதுவா. 1876ல ஃபிரெடரிக் ரெய்னர்னு ஒரு அச்சுத் தொழில்காரர் 5 ஷில்லிங் அனுப்பி இந்த ஜனங்களுக்கு ஏதாவது செய்யுங்கன்னு சர்ச் மதுவிலக்கு சங்கத்துக்கு எழுதினார், அவங்க கோர்ட்டுக்கு ஆள் அனுப்ப ஆரம்பிச்சாங்க, அதுலேர்ந்து வளர்ந்ததுதான் 1907ல சட்டமான புரொபேஷன், அதாவது ஜெயிலுக்கு அனுப்பாம ஒரு அதிகாரி கண்காணிப்புல வெளிய விடறது. உங்க கதைக்கு இது ரொம்ப லேட். 1851ல மாஜிஸ்ட்ரேட் மனசு இளகினா ஏழைப் பெட்டின்னு கோர்ட்லயே ஒரு உண்டியல், அதுலேர்ந்து ஏதோ கொஞ்சம் எடுத்துக் கொடுப்பார். பையனோட அம்மாவை மயங்கி விழ வைக்காதீங்க, அந்தப் பெட்டிக்காக நிக்க வைங்க.

நாணல்:
பாட்டி, அம்மா சீனை அப்படியே மாத்திட்டேன். ஜேன் கேக்பிரெட் பத்தி தனியா ஒரு த்ரெட் போடுங்களேன். கடைசியா ஒண்ணு, நிஜ கேஸ் பத்து படிச்சா பேச்சு நடை பிடிபடும், எங்க கிடைக்கும்?

ரயில்பூச்சி:
ஓல்டு பெய்லி விசாரணைப் பதிவு 1674லேர்ந்து 1913 வரைக்கும் ஆன்லைன்ல இலவசமா கிடக்கு, அண்ணன் கேஸ் மாதிரி தேடுங்க, சாட்சிகள் பேசினது நிறைய இருக்கும். ஆனா போலீஸ் கோர்ட் கேஸ் அதுல வராது. தம்பி மாதிரி பசங்க கேஸுக்கு அந்தக் கால பேப்பர்ல தினமும் வந்த போலீஸ் கோர்ட் செய்திப் பகுதிதான் வழி. அந்த ரிப்போர்ட்டர்களுக்கு வரிக்கு காசுங்கறதால காமெடி, அழுகை உள்ள கேஸா பொறுக்கி எழுதுவாங்க, சாதாரணமா நடந்ததெல்லாம் விட்டுடுவாங்க, அதை மனசுல வெச்சுட்டு படிங்க. ஆமா, போ ஸ்ட்ரீட் கோர்ட்டோட பெரிய கல் கட்டடம் போட்டோல பாத்து வர்ணிச்சிடாதீங்க, அது 1881ல எதிர்ப்பக்கம் கட்டினது. உங்க பசங்க நிக்கறது அதுக்கு முந்தின பழைய கோர்ட், காத்தே வராத நெரிசலான இடம்.