மொரிஸ் மைனரில் ட்வின் கெம்: புதுப்பிப்பு

எஞ்சின் ஓடுகிறது! என் மொரிஸ் மைனர் காரின் 1275 சிசி ஏ-சீரிஸ் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி) மேல், தனக்கென இரண்டு கெம் ஷாப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள பி.எம்.டபிள்யூ கே1100 மோட்டார்சைக்கிளின் 16 வால்வ் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) ஏற்றப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அதுதான். பிளாக்கின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70.6 மிமீ, பைக்கில் 70.5. இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூடக் கிடைக்காது.

"பழைய கெம் ஷாப்ட் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒயில் பம்பும், ப்ளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதை நம்பித்தான் சுற்றுகின்றன. அதனால் லேத் பட்டறை பாஸிடம் கொடுத்து, வால்வுகளுக்காக அதில் இருந்த மேடுகளை (லோப்) மட்டும் சீவி எடுத்து, வெறும் தண்டாகத் திரும்பப் போட்டோம். அந்த மேடுகளிலிருந்து பழைய வால்வுகளுக்குப் போன புஷ்ரொட் கம்பிகளின் ஓட்டைகளை அடைத்தாயிற்று. மேலே போகும் பல் பெல்ட்டுக்குக் கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 20 பல், கெமில் 40; கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கெம் ஒரு சுற்றுதானே. சரியான நீளத்தில் பெல்ட் தேடிக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைந்தது தனிக்கதை.

பழைய ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு காற்று உள்ளே போக இரண்டே இன்டேக் வழி, பங்கு போட்டு மூச்சு விடும். இப்போது ஆளுக்கொரு வழி. எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டும்போது சத்தமே வேறு.

பெல்ட் வந்ததில் பழைய ஃபேனுக்கு இடமில்லை. மருதானை நெரிசலில் நின்றால் வெப்பமானி முள் ஏறுகிறது. அடுத்த வேலை எலக்ட்ரிக் ஃபேன். அப்புறம் பொனட், இன்னும் லேசாக இடிக்கிறது.