12 வோல்ட் அடாப்டர்: கெப்பாசிட்டர் மாற்றலாமா, புதிதே வாங்கலாமா?

வைஃபைவாசி: ரவுட்டரோட 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், மீட்டரில் 12.1 காட்டுது. ரவுட்டரில் செருகினா விளக்கு வந்து வந்து அணையுது. கோளாறு எதில்?

ஈயப்பற்று: லோடு, அதாவது மின்சாரம் இழுக்கற கருவி, இல்லாம அளந்தா செத்த அடாப்டரும் 12 காட்டும். 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை முனைகளில் கோத்து அளங்க. அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல இழுக்கும். ரெசிஸ்டர் கொதிக்கும், தொடாதீங்க. 9, 10 வோல்ட்டுக்கு இறங்கினா, பெரும்பாலும் அவுட்புட் பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (உள்ளே திரவம் உள்ள வகை) காய்ந்திருக்கும். தலை உப்பாமலும் காயும். மாத்த வேண்டியது 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்மின்தடை குறைவான வகை). சில ரூபாய்தான். இதுக்காகப் புதுசு வாங்கறது வீண்.

மின்காப்பு: இந்த யோசனை ஆபத்து. உள்ளே 230 வோல்ட் ஏசி, டிசியாகி சுமார் 325 வோல்ட்டா நிக்குது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்த 325 வோல்ட்டைத் தாங்கற இன்புட் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கலாம். தவிர, கூடு மீயொலியில் உருக்கி ஒட்டினது. பிளந்தா பழையபடி சேராது. பசை விட்டா, சுவர் சாக்கெட்டிலிருந்து இழுக்கும்போது பாதிக் கூடு கையோட வரும்.

ஈயப்பற்று: அந்தச் சார்ஜை 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடிச்சு, மீட்டரில் பூஜ்யம் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணவே கூடாது. கூடு விஷயம் சரிதான். ஸ்க்ரூ போட்ட கூடு மட்டும் திறக்கலாம்னு வெச்சுக்கலாம்.

மின்காப்பு: அப்பவும் வெப்பத்தில் காய்ந்தது அது ஒண்ணு மட்டுமா? அடாப்டரை இயக்கற சிப்பான கன்ட்ரோல் ஐசி பக்கத்துச் சின்னக் கெப்பாசிட்டரும் அதே சூட்டில்தான் கிடந்தது. ஒண்ணை மாத்தினா அடுத்தது போகும்.

ஈயப்பற்று: ரெண்டையும் சேர்த்து மாத்தணும்னுதான் நானும் சொல்வேன்.

வைஃபைவாசி: புதுசு வாங்கினா 2 ஆம்பியர் போடலாமா?

மின்காப்பு: தாராளமா. ரவுட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வோல்ட் மட்டும் மாறக்கூடாது. கனமான பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் வேண்டாம். 12-னு எழுதியிருந்தாலும் லோடு குறைஞ்சா 16 தாண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, ‘ஆர்’-ல தொடங்கும் பதிவு எண் ரெண்டும் பாருங்க. நடு முனை பிளஸ்ஸானு லேபிள் படத்தில் சரிபாருங்க. சில மியூசிக் கீபோர்டு அடாப்டரில் நடு மைனஸ்.

ஈயப்பற்று: பின் அளவையும் சேருங்க. வெளியே 5.5 மில்லிமீட்டர் ஒண்ணா இருந்தாலும் உள்துளை 2.1, 2.5-னு ரெண்டு உண்டு. 2.1 பின்னில் 2.5 துளையைச் செருகினா லூஸ் கான்டாக்ட், இதே மாதிரி அணைஞ்சு எரியும். அடாப்டரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பின்னை லேசா அசைச்சுப் பாருங்க.