அம்மைய தலக்காவேரிக்கு ஐப்பசி ஒண்ணுக்கு கூட்டிட்டு போலாமா?

தக்கலைக்காரன்:
எங்கம்மைக்கு ரொம்ப நாளா குடகுல காவேரி பிறக்குற தலக்காவேரிய பாக்கணும்னு ஆசை, ஐப்பசி ஒண்ணாந்தேதி அங்க குண்டிகைங்கிற ஊத்துல தீர்த்தம் பொங்கும்னு யாரோ சொன்னதுல இருந்து அன்னைக்கே போகணும்னு ஒரே பிடியா நிக்காங்க. முட்டு வலி உண்டு, படி ஏற பாடுபடுவாங்க. நாகர்கோவில்ல இருந்து எப்படி போறது, அந்த கூட்டத்துல முடியுமா? போனவங்க சொல்லுங்க.

குழித்துறை_அக்கா:
தம்பி, அன்னைக்கு மட்டும் வேண்டாம். தீர்த்தம் பொங்குற துலா சங்கராந்தி நேரம் (சூரியன் துலாம் ராசிக்குள்ள போற நேரம்) வருஷா வருஷம் மாறும், சில வருஷம் நடுராத்திரி, சில வருஷம் விடியக்காலம், குடகு ஜனம் முழுக்க அங்கதான் நிக்கும், பிரம்மகிரி மலைல 1276 மீட்டர் உயரத்துல இருக்கு, குளிரும் மஞ்சும் வேற. குண்டிகைங்கிறது ரொம்ப சின்னது, முன்னால ஒரு குளம், அவ்வளவுதான், ஆறு பாய்ஞ்சு வரும்னு நினைச்சு போனா அம்மை ஏமாந்துருவாங்க, தண்ணி அங்கயே பூமிக்குள்ள போயி கீழதான் ஆறா வெளிய வருது. இத முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போங்க. சங்கராந்தி கழிஞ்சு ஒரு வாரம் விட்டு போனா நிம்மதியா கும்பிடலாம். வண்டி நிக்குற இடத்துல இருந்து படிக்கட்டு உண்டு, பைய ஏறட்டும்.

மார்த்தாண்டம்_பயணி:
மங்களூர் பக்கம் போற ரயில்ல கண்ணூர் இறங்கி டாக்சி பிடிங்க, இரிட்டி, விராஜ்பேட்டை வழி. முதல்ல பாகமண்டலத்துல இறங்கணும், காவேரியும் கன்னிகையும் சேருற இடம், சுஜ்யோதிங்கிற ஆறும் கண்ணுக்கு தெரியாம சேருதுன்னு நம்பிக்கை. அங்க குளிச்சுட்டு மேல போறதுதான் முறை, 8 கிலோமீட்டர்தான். பாகண்டேஸ்வரர் கோயில் கேரள பாணி கூரை, நம்ம திருவட்டார் பக்கத்து ஆளுகளுக்கு சொந்த ஊர் கோயில் மாதிரியே இருக்கும். ஆனா ஆடி ஆவணி மழைல போகாதீங்க, 2020 ஆகஸ்ட்ல அந்த மலை சரிஞ்சு கோயில் அர்ச்சகரும் கூட இருந்தவங்களும் வீட்டோட புதைஞ்சு போனாங்க, இப்ப நினைச்சாலும் மனசு கனக்குது.

குழித்துறை_அக்கா:
இன்னொண்ணு, அம்மைக்கு ஐப்பசி காவேரி குளியல்தான் முக்கியம்னா மாயவரம் துலாக்கட்டம் போதுமே, மாசம் முழுக்க குளிக்கலாம், கடைசி நாள் கடைமுகம், அதையும் விட்டவங்களுக்கு கார்த்திகை ஒண்ணாந்தேதி முடவன் முழுக்கு. நடக்க முடியாத ஒருத்தர் பிந்தி வந்து சேர்ந்ததுக்காக ஈசன் ஒருநாள் கூட்டி குடுத்ததா ஐதீகம். முட்டு வலிக்காரங்களுக்குன்னே வச்ச நாள்னு எனக்கு தோணும்.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. முடவன் முழுக்கு கதைய சொன்னதும் அம்மை கண்ணு கலங்கிட்டாங்க. ஆனா அகத்தியர் கமண்டலம் கவுந்த இடத்த பாக்காம விட மாட்டேங்காங்க, ஐப்பசி ரெண்டாவது வாரம் கண்ணூருக்கு டிக்கெட் பாக்கேன். பாகமண்டலத்துல ராத்திரி தங்க வயசானவங்களுக்கு தோதா கீழ்தளத்துல ரூம் உண்டா?