டாக்கர்ஃபைல் லிண்டர் தரும் எச்சரிக்கைகளில் எவற்றைத் திருத்துவது, எவற்றை விலக்குவது?

கேள்வி

வணக்கம். எங்கள் குழுவிடம் உள்ள 11 டாக்கர்ஃபைல்களையும் (நிரலும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய இமேஜைக் கட்டும் கட்டளைகள் கொண்ட கோப்புகள்) சென்ற மாதம் முதன்முறையாக ஹடோலிண்ட் என்னும் லிண்டர் (கோப்பில் உள்ள தவறுகளைச் சுட்டும் கருவி) கொண்டு சோதித்தேன். மொத்தம் 73 எச்சரிக்கைகள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் டிஎல்3008, அதாவது டெபியன் லினக்ஸின் ஆப்ட்-கெட் கருவி மூலம் நிறுவும் தொகுப்புகளுக்குப் பதிப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்னும் விதி. அடுத்தபடியாக டிஎல்4006, டிஎல்3025, டிஎல்3059 ஆகியவை வந்தன.

விதி சொன்னபடியே ஒரு கோப்பில் எல்லாத் தொகுப்புகளுக்கும் பதிப்பு எண் எழுதி முடித்தேன். மூன்றே வாரத்தில், கோப்பில் யாரும் கை வைக்காத நிலையில், கேட்ட பதிப்பு கிடைக்கவில்லை என்று பில்டு, அதாவது இமேஜ் கட்டும் வேலை, நின்றுவிட்டது. அதன் பிறகு, லிண்டர் எதைச் சொன்னாலும் பில்டு தோல்வியடையாதபடி அமைத்துவிடலாம் என்று உடன் பணிபுரிவோர் சிலர் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் அந்த எச்சரிக்கைகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அஞ்சுகிறேன். எந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், எவற்றைக் காரணத்தோடு விலக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

உங்கள் அச்சம் நியாயமானது. விதிகளை வரிசைப்படுத்துவதற்கு முன், இந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்ட ஹடோலிண்ட், டாக்கர்ஃபைலைப் படித்து ஒரு தொடரியல் மரமாக மாற்றி, அந்த மரத்தின் மீது விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறது. இமேஜ் கட்டும்போது இயங்கும் ரன் கட்டளைக்குள் இருக்கும் ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) வரிகளை ஷெல்செக் கருவியின் விதிகளால் சோதிக்கிறது. டிஎல் என்று தொடங்கும் எண்கள் டாக்கர்ஃபைலைப் பற்றியவை, எஸ்சி என்று தொடங்குபவை ஷெல்லைப் பற்றியவை. இமேஜை அது கட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே இமேஜுக்குள் உண்மையில் என்ன போய்ச் சேர்ந்தது என்பதை அதனால் சொல்ல இயலாது.

நீங்கள் குறிப்பிட்டவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது டிஎல்4006 என்பேன். ஒரு ரன் வரியில், கர்ல் என்னும் பதிவிறக்கக் கருவி கொண்டு ஒரு நிறுவல் ஸ்கிரிப்டை இறக்கி, அதைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் இணைப்பு) வழியாக ஷெல்லுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பைப்பில் இணைந்த கட்டளைகளின் வெளியேறு குறியீடு (வெற்றி என்றால் 0), கடைசிக் கட்டளையின் குறியீடு மட்டுமே. முகவரி தவறிப்போய், பிழையில் நிற்கும்படி சொல்லப்பட்ட கர்ல் 22 என்ற குறியீட்டோடு தோற்றாலும், வெற்று உள்ளீட்டைப் பெற்ற ஷெல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று 0 திருப்பி வெளியேறும். பில்டு பச்சை நிறத்தில் முடியும், கருவி மட்டும் இமேஜில் இருக்காது. இதைத் தடுக்கத்தான், பைப் வருமுன் ஷெல் கட்டளையில், இடையில் ஒரு கட்டளை தோற்றாலும் முழு வரியையும் தோற்கச் செய்யும் பைப்ஃபெயில் தெரிவை அமைக்குமாறு அந்த விதி கேட்கிறது. டெபியனின் இயல்பு ஷெல்லான டேஷின் பழைய பதிப்புகளுக்கு அந்தத் தெரிவு தெரியாது என்பதால், அங்கே பேஷைக் குறிப்பிடுவது வழக்கம். என் விருப்பம் வேறு: பைப்பையே விட்டுவிட்டு, ஸ்கிரிப்டை ஒரு கோப்பாக இறக்கி, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைச் சரிபார்த்து, பிறகு இயக்குவேன். இரண்டு கவலைகள் ஒரே இடத்தில் தீர்கின்றன.

டிஎல்3025-உம் வெறும் நடை பற்றியதன்று. கன்டெய்னர் (இயங்கும் இமேஜ்) தொடங்கும்போது எந்த நிரலை இயக்குவது என்று சொல்லும் சிஎம்டி அல்லது என்ட்ரிபாயின்ட்டை ஜேசன் பட்டியலாக எழுதாமல் சாதாரண வரியாக எழுதினால், நிரல் ஒரு ஷெல்லின் வழியே தொடங்குகிறது. அந்த ஷெல்லே கன்டெய்னரின் முதல் செயல்முறையாக நின்றுவிட்டால், நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சமிக்ஞை நிரலைச் சென்று சேராது. டாக்கர் இயல்பாக 10 விநாடி காத்திருந்துவிட்டுச் சிக்கில் மூலம் கொன்றுவிடும். பாதியில் இருந்த வேலைகளை முடிக்க நிரலுக்கு வாய்ப்பே கிடைக்காது.

டிஎல்3059 அடுத்தடுத்த ரன் வரிகளைச் சேர்க்கலாம் என்னும் தகவல் மட்டுமே. மாறாத வரிகளின் பழைய முடிவை மீண்டும் பயன்படுத்தும் கேஷுக்காகத் தெரிந்தே பிரித்து வைத்திருந்தால் அப்படியே விடுங்கள்.

மறுமொழி 2

முந்தைய நண்பர் தொடாத டிஎல்3008 பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் லிண்டரையே வெறுக்கச் செய்வது பெரும்பாலும் இந்த ஒரு விதிதான்.

விதியின் நோக்கம் நல்லது: இன்று கட்டிய இமேஜும் அடுத்த மாதம் கட்டும் இமேஜும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் டெபியனின் நிலையான கிளையில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால், புதிய பதிப்பு பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் பழையது களஞ்சியத்தின் பட்டியலிலிருந்தே போய்விடுகிறது. டெபியன் 12-இல் கர்லின் பதிப்பு 7.88.1-10+டெப்12யு5 என்று முழுதாக எழுதி வைத்தீர்கள் என்றால், கடைசி 5 என்பது 6 ஆகும் நாளில் உங்கள் பில்டு நிற்கும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மேலும், நீங்கள் எண் எழுதியது நேரடியாகக் கேட்ட தொகுப்புக்கு மட்டுமே. அது இழுத்து வரும் சார்புத் தொகுப்புகள் எந்தப் பதிப்பில் வரும் என்பதை அந்த எண் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே பில்டு முறியும் தொல்லை முழுதாக வருகிறது, மாறாத இமேஜ் என்னும் பயனோ அரைகுறையாகவே கிடைக்கிறது.

ஓர் இடைவழி உண்டு. நிலையான கிளையில் திருத்தங்கள் பெரும்பாலும் மூலப் பதிப்பை மாற்றாமல், டெபியனின் திருத்த எண்ணை மட்டுமே உயர்த்துகின்றன. எனவே 7.88.1 வரை எழுதி, அதற்குப் பின் ஒரு கோடும் நட்சத்திரக் குறியும் இட்டால், ஆப்ட் அதை ஏற்றுக்கொள்ளும், விதியும் அமைதியாகும், பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரும். தொகுப்புப் பதிப்புகள் எதுவும் மாறாத இமேஜ்தான் தேவை என்றால், களஞ்சியத்தின் பழைய நிலைகளைத் தேதி வாரியாகச் சேமித்து வைக்கும் டெபியன் ஸ்னாப்ஷாட் சேவையைப் பயன்படுத்துவதே நேர்மையான தீர்வு.

இதே காரணத்தைச் சொல்லி டிஎல்3013-ஐயும் விலக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பைத்தானின் பிப் கருவி நிறுவும் தொகுப்புகளைப் பற்றியது. அவை வரும் பைபிஐ களஞ்சியத்தில் பழைய பதிப்புகள் பொதுவாக இருந்துகொண்டே இருப்பதால், அங்கே எண் எழுதுவதால் இந்தத் தொல்லை வருவதில்லை. ஆல்பைன் லினக்ஸுக்கான டிஎல்3018 மட்டும் டிஎல்3008-ஐப் போன்ற நிலையில்தான் இருக்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிஎல்3008-ஐ அமைப்புக் கோப்பில் ஒட்டுமொத்தமாக விலக்குவதா, ஒவ்வோர் இடத்திலும் தனியாக விலக்குவதா என்பதில் இன்னும் தயக்கம் இருக்கிறது. சிஐ (மாற்றம் வரும்போதெல்லாம் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) எந்த நிலையில் தோல்வியடைய வேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது.

மறுமொழி 1

குழு முழுவதற்கும் பொருந்தும் முடிவு என்றால் அமைப்புக் கோப்பில் விலக்கலாம், அதற்கான காரணத்தையும் அங்கேயே எழுதி வையுங்கள். ஓரிரு இடங்களுக்கு மட்டும் என்றால், அந்தக் கட்டளைக்கு நேர் மேல் வரியில் விலக்குக் குறிப்பை இடுங்கள். பல வரிகளாக நீளும் ரன் கட்டளையின் நடுவில் அதை எழுதினால் பயனில்லை. காரணத்தை விலக்குக் குறிப்புக்கும் மேல் வரியில் தனிக் கருத்துரையாக எழுதுவது என் பழக்கம், ஏனெனில் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு விதி எண் மட்டும் எதையும் சொல்லாது.

சிஐயைப் பொறுத்தவரை, பிழை, எச்சரிக்கை, தகவல், நடை என்று நிலைகள் இருப்பதால், பிழை நிலையில் மட்டும் தோல்வியடையுமாறு தொடங்குங்கள். பிறகு டிஎல்4006, டிஎல்3025 ஆகிய இரண்டின் நிலையையும் அமைப்புக் கோப்பில் பிழை என உயர்த்திவிடுங்கள். மற்றவை திரையில் தெரிந்துகொண்டிருக்கட்டும், வாரம் ஒரு விதி என்று தீர்த்துக்கொண்டு வரலாம்.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். லிண்டர் அமைதியானதால் இமேஜ் பாதுகாப்பானது என்று குழுவில் யாரும் எண்ணிவிடக் கூடாது. கோப்புறை முழுவதையும் நகலெடுக்கும் காப்பி வரி விதிப்படி சரியானதே. ஆனால் நகலெடுக்கக் கூடாதவற்றைச் சொல்லும் விலக்குப் பட்டியல் கோப்பு இல்லாவிட்டால், கிட் வரலாறும் உள்ளூர்க் கடவுச்சொல் கோப்புகளும் அதே வரியில் உள்ளே போய்விடும். நிறுவப்பட்ட தொகுப்புகளில் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் உள்ளனவா என்பதற்கு, கட்டி முடித்த இமேஜை ட்ரிவி போன்ற கருவியால் தனியாகச் சோதிக்க வேண்டும். 2024-இல் டாக்கரின் பில்டு கட்டளையோடு வந்த செக் தெரிவையும் இயக்கிப் பாருங்கள். மதிப்புகளை அமைக்கும் ஆர்க், என்வ் வரிகளில் ரகசியங்கள் வைக்கப்பட்டிருந்தால் அது சுட்டிக்காட்டும்.

கேட்டவர்

நேற்று டிஎல்4006-ஐப் பிழையாக உயர்த்தி, பைப்ஃபெயில் சேர்த்துக் கட்டினேன். இதுவரை ஒருமுறைகூடத் தோல்வியடையாத கோப்பு ஒன்று உடனே நின்றது. அதில் பதிவிறக்க முகவரி எப்போதோ செயலிழந்திருக்கிறது. இயக்கத்தில் இருந்த இமேஜைத் திறந்து பார்த்தபோது, அந்த வரி நிறுவ வேண்டிய கருவி உள்ளே இல்லவே இல்லை, அதை அழைக்கும் நிரல் வரியும் எங்கும் இல்லை. திருத்துவதற்குப் பதிலாக அந்த ரன் வரியையே நீக்கிவிட்டேன்.