டார் கோப்பு ஹோம் அடைவில் சிதறிவிட்டது, சுத்தம் செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் டெர்மினலில் ஒரு டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) பிரித்தேன். பெயர் ஜிஇசட் என்று முடிந்ததால், ஜிஜிப் சுருக்கத்தைப் பிரிக்கும் இசட் விருப்பம் சேர்த்தேன். ஜிஜிப் வடிவம் இல்லை என்று பிழை வந்தது. ஃபைல் கட்டளையில் பார்த்தால் உள்ளே எக்ஸ்இசட் சுருக்கம்! சரி என்று எக்ஸ் (பிரி), எஃப் (கோப்பின் பெயர்) விருப்பங்களை மட்டும் கொடுத்தேன், டாரே வகையைக் கண்டுகொண்டு பிரித்துவிட்டது.

அப்புறம்தான் சிக்கல். தொகுப்பின் உள்ளே எல்லாக் கோப்புகளையும் அடக்கும் தாய் அடைவே (கோப்புறை) இல்லை. 300-க்கும் மேற்பட்ட கோப்புகள் என் ஹோம் அடைவில் கலந்து கிடக்கின்றன. முதலில் டி விருப்பத்தில் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பட்டியலையே ஆர்எம் கட்டளைக்கு அனுப்பி அழிக்கலாமா? சில பெயர்களில் இடைவெளி இருப்பதால், ஒரு பெயர் இரண்டாகப் பிரிந்து வேறு கோப்பு அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் குறிப்புக் கோப்பு ஒன்றும் அதே பெயரில் இருந்தது, டார் அதன்மேல் எழுதிவிட்டது. காப்புப் பிரதி இல்லை. மீட்க வழி உண்டா?