கார்டில் எவ்வளவு மிச்சம்?

காலிவீதிக்காரன்:

மூன்று ரூபாய்க்கு யாராவது சண்டை பிடிப்பார்களா? நான் பிடித்திருக்கிறேன். குறைந்தபட்ச பஸ் கட்டணம் 27 ரூபாயாக இருந்தபோது நடந்தது. கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையடியில் ஏறி, 20 ரூபாய்த் தாள் ஒன்றும் 10 ரூபாய்க் குற்றி ஒன்றும் கொடுத்தேன். கொண்டக்டர் டிக்கெட்டும் தரவில்லை, மிச்சமும் தரவில்லை. "இத்துரு?" (மிச்சம்?) என்று சிங்களத்தில் கேட்டுக் கையை நீட்டினேன். "மாறு சல்லி நே மஹத்தயா" (சில்லறை இல்லை ஐயா) என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய தோள்பையில் சில்லறை குலுங்குகிற சத்தம் எனக்கு வடிவாகக் கேட்டது. விடவில்லை, பம்பலப்பிட்டி வரைக்கும் நீட்டிய கையோடுதான் நின்றேன். இறங்கும்போது ஒரு 2 ரூபாய்க் குற்றி விழுந்தது. பக்கத்தில் நின்ற அன்ரி, "பறவாயில்லை தம்பி, ஒரு ரூபா உங்கட தர்மம்" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு பயணம், மாதத்தில் 22 வேலைநாள். ஒவ்வொரு முறையும் மூன்று ரூபாய் போனால் 132 ரூபாய். பெரிய காசில்லை, சரி. ஆனால் 27 என்று பெயரைச் சொல்லி 30 வாங்கினார்கள்.

2025 நவம்பரில் மாகும்புர பஸ் நிலையத்தில் வங்கிக் கார்டால் பஸ் கட்டணம் செலுத்தும் முறையைத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் வங்கிக் கார்ட் வேறு, முன்கூட்டியே காசு போட்டு வைக்கிற பயணக் கார்ட் வேறு. எங்கள் வீட்டில் சமைக்க வரும் அக்காவுக்குச் சம்பளம் கையில்தான். அவரிடம் வங்கிக் கார்ட் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் கிடையாது. இவர்களுக்கெல்லாம் நூறோ இருநூறோ போட்டு வைக்கிற கார்ட்தான் உதவும்.

வெளியூர்களில் அப்படிக் கார்ட் பாவித்தவர்கள் சொல்லுங்கோ. என்ன பெயர் வைத்திருந்தார்கள்? உண்மையில் எவ்வளவு கழிந்தது?

டுபாய் ரிட்டர்ன்:

நான் 2015 இல் டுபாய்க்குப் போய் நாலு வருஷம் இருந்தவன். அங்கே கார்டின் பெயர் நோல். அரபியில் பயணக் கூலி என்று அர்த்தம். சுற்றி வளைக்காத பெயர். என் அறையில் இருந்த மதுரைக்காரர் கடைசிவரைக்கும் 'நூல் கார்ட்' என்றே சொன்னார், எங்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

பெயர் நேர்மைதான், விளையாட்டெல்லாம் நிறத்தில். வெள்ளி, தங்கம், நீலம், சிவப்பு. வெள்ளிக் கார்ட் 25 திர்ஹம், அதில் 19 பயணத்துக்கு, மீதி 6 கார்டின் விலை. ஒரு வலயத்துக்குள் மெட்ரோவில் போனால் வெள்ளிக்கு 3 திர்ஹம், தங்கத்துக்கு 6. சிவப்பு என்பது கடதாசி டிக்கெட், அதற்கு 4. நீலம் பெயர் பதிந்து எடுப்பது. தங்கக் கார்டுக்குத் தனிப் பெட்டி உண்டு, வெள்ளிக்காரன் தெரியாமல் அதில் ஏறி அகப்பட்டால் 100 திர்ஹம் தண்டம்.

எங்கள் கம்பனிக்குப் புதிதாக வந்த ஒரு பொடியன் போன கையோடு தங்கக் கார்டை வாங்கிவிட்டான். "தங்கம் எண்டா டிஸ்கவுண்ட் இருக்கும் எண்டு நினைச்சன் அண்ணே." இரண்டு கிழமையாக இரட்டிப்புக் காசு கட்டிக்கொண்டு எங்களோடு சாதாரணப் பெட்டியில் நசுங்கிக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை. நாங்கள் ஊரில் பார்க்காததா? 'அரை சொகுசு' என்று கண்ணாடியில் எழுதிய பஸ்ஸில் ஒன்றரை மடங்கு கொடுத்து ஏறி, சொகுசின் அந்த அரைப் பங்கு எங்கே என்று தேடியவர்கள்தானே நாம்.

மன்னார்க்காரி:

நான் இப்போது பம்பலப்பிட்டியில் இருக்கிறேன், பிறந்தது மன்னார். மகளைப் பார்க்க லண்டனுக்கு 2014 ஆகஸ்டில் ஒரு தடவையும் 2023 இல் ஒரு தடவையும் போனேன். அங்கே கார்டுக்கு ஒய்ஸ்டர், அதாவது சிப்பி என்று பெயர். முத்துக்குளித்த கரையில் பிறந்தவளுக்குச் சிப்பியைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? வெளியில் பார்த்து உள்ளே முத்து இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. கார்டும் அப்படித்தான். நீல நிறத்தில் பளபளவென்று இருக்கும், உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதல் தடவை நான் போய் இறங்க ஒரு மாதத்துக்கு முன்புதான் லண்டன் பஸ்களில் காசு வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். கைப்பையில் சில்லறை நிறைய வைத்திருந்தும் பிரயோசனமில்லை. கார்டுக்கு 5 பவுண்ஸ் 'டிப்போசிட்', திருப்பிக் கொடுத்தால் காசு வரும் என்றார்கள். கொடுத்தேன், வந்தது. 2023 இல் அதே கார்டுக்கு 7 பவுண்ஸ். இந்த முறை அதன் பெயர் 'ஃபீ', திரும்பி வராது. பெயர் மாறினால் காசு போன வழியும் மாறிவிடும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பஸ்ஸில் ஏறும்போது கார்டைத் தொட்டேன். இறங்கும்போதும் தொட வேண்டும் என்று நினைத்து நடுக்கதவில் மெஷினைத் தேடிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் நிற்கும் சனம் எல்லாம் என்னையே பார்க்கிறது. மகள் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும், சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும். ரயிலில் இறங்கும்போது தொட மறந்தால் ஆகக் கூடிய கட்டணத்தை எடுத்துவிடுவார்களாம். அதைக் கேட்ட பிறகு நான் வாசலில் கார்டைத் தொட்டுவிட்டு, தொட்டது பட்டதா என்று பச்சை விளக்கைப் பார்க்காமல் ஒருநாளும் நகர்ந்ததில்லை.

ஒருநாள் மகள், "அம்மா, ஹொப்பர் இருக்கு, அடுத்த பஸ் ஃப்ரீ" என்றாள். நான் ஆப்பக் கடை ஏதோ என்று நினைத்தேன். நான் மட்டுமில்லை, கொழும்பில் ஹொப்பர் என்றால் யாரும் ஆப்பம் என்றுதான் நினைப்பார்கள். விஷயம் என்னவென்றால், அந்த 2023 பயணத்தில் முதல் பஸ்ஸில் 1.75 பவுண்ஸ் கழிந்தால், அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் வேறு கழியவில்லை. 2016 இல் கொண்டுவந்தார்களாம். அதற்கு மேல் நாள் முழுக்க எத்தனை பஸ்ஸில் அலைந்தாலும் அப்போது 5.25 ஐத் தாண்டி எடுக்கவில்லை. நான் கொப்பியில் எழுதிச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

இங்கே பஸ் மாறினால் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகத் தொடங்குகிறது. சீசன் டிக்கெட் இருக்கிறதே என்பார்கள். அதற்கு மாதத் தொடக்கத்தில் மொத்தமாகக் காசு வேண்டும். அன்றாடம் உழைக்கிற சனத்திடம் அது எங்கே? லண்டன் முறையில் முதலிலேயே மொத்தமாகக் கட்டத் தேவையில்லை, அளவைத் தொட்டதும் மெஷின் தானாக நிறுத்திக்கொள்ளும். அந்த ஊரில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான், குளிர் இல்லை.

சிங்கப்பூர் மச்சான்:

அன்ரி சொன்ன 'உள்ளே என்ன கிடக்கிறது' என்ற பிரச்சினையில் ஒரு அரசாங்கமே பின்வாங்கியிருக்கிறது. சிங்கப்பூரில் 2002 தொடக்கம் ஈஸிலிங்க் கார்ட். பஸ்ஸிலும் ரயிலிலும் தொட்டால், கழிந்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று அந்த இடத்திலேயே காட்டும். 2024 ஜனவரியில், பெரியவர்களின் பழைய கார்டுகள் ஜூன் மாதம் தொடக்கம் செல்லாது, எல்லோரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாறுங்கள் என்று அறிவித்தார்கள். அப்போது சிம்ப்ளிகோ கார்டைத் தொட்டால் கட்டணமும் தெரியவில்லை, மிச்சமும் தெரியவில்லை. செயலிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. சனம் விடவில்லை. இரண்டே கிழமையில் முடிவை மாற்றி, பழைய முறையையும் வைத்திருக்க 40 மில்லியன் சிங்கப்பூர் டொலர் ஒதுக்கினார்கள்.

நான் அப்போது அங்கே வேலை செய்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா தொட்டவுடன் குனிந்து அந்த எண்ணை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் உள்ளே நடப்பார். அவரிடம் போய் செயலியில் பாருங்கள் என்று யார் சொல்வது?

அரும்பாக்கம் போய்வந்தவர்:

சென்னையில் 2023 இல் வந்த கார்டுக்குச் சிங்காரச் சென்னை என்று பெயர். முதலில் மெட்ரோவில், 2025 தொடக்கத்திலிருந்து மாநகரப் பஸ்ஸிலும். மெட்ரோவில் கார்டால் போனால் 20 சதவீதக் கழிவு, 10 ரூபாய்ப் பயணம் 8 ரூபாய். வரிசையிலும் நிற்க வேண்டாம். புடவை எடுக்கப் போன எங்களுக்கு அதுவே போதும். பெயர் கொஞ்சம் அலங்காரம்தான்.

ஒரு வரி வாசகர்:

ஜப்பானில் ஒசாகாப் பக்கத்துக் கார்டின் பெயர் இக்கோக்கா. அவர்கள் வட்டாரப் பேச்சில் 'போவமா?' என்று அர்த்தம். எங்களுக்கும் அப்படி ஒன்று வைக்கலாமே.

மட்டக்குளிப் பொடியன்:

எல்லோரும் பயணியின் பக்கத்திலிருந்து கதைக்கிறீர்கள். என் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். தாள்களை நீளவாக்கில் மடித்து விரல்களுக்கிடையில் செருகியிருப்பார், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தொகை. இருட்டிலும் எந்தத் தாள் எங்கே என்று தெரியும். இரவு வீட்டுக்கு வந்தால் விரல் இடுக்கெல்லாம் கறுத்திருக்கும்.

அன்றைய கலெக்ஷனில்தான் அன்றைய டீசல். அதிலேயே முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது, அதிலேயே டிரைவருக்கும் அப்பாவுக்கும் கூலி. கார்ட் என்றால் காசு நேரே முதலாளியின் கணக்குக்குப் போகும். அப்போ மாலையில் டீசலுக்கு யார் கொடுப்பது, அன்றைய கூலி எப்போது வரும்? இதைத் தீர்க்காமல் மெஷினை மட்டும் கையில் கொடுத்தால் 'மெஷின் வேலை செய்யாது' என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களில் அப்பாவும் ஒருவராக இருந்திருப்பார், ஒளிக்கவில்லை.

மூன்று ரூபாய்க் கதைக்கும் வருகிறேன். 2022 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 40 ரூபாய். அப்போது அப்பாவுக்குத் தலையிடி குறைவு, இரண்டு 20 ரூபாய்த் தாளோடு கணக்கு முடிந்தது. பிறகு 38, 34 என்று இறங்க இறங்கச் சண்டை கூடியது. விலை குறைந்ததால் சண்டை கூடிய தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றும் இரண்டும் அவருக்கும் உண்மையாகவே கிடைப்பதில்லை அண்ணே. பையில் குலுங்கியது பத்து ரூபாய்க் குற்றிகளாக இருந்திருக்கும்.

காலிவீதிக்காரன்:

தம்பி, அந்தச் சத்தத்தை நான் அப்படி யோசிக்கவில்லை. சரி, ஒரு ரூபாயை விட்டுவிடுகிறேன்.

மன்னார்க்காரி அன்ரியின் கதையைச் சமையல் அக்காவிடம் சொன்னேன். சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார். கார்ட் எடுக்க எவ்வளவு என்றார். 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கோ என்றேன். "அது திரும்பி வருமா?" தெரியாது என்றேன். "போகேக்கையும் வரேக்கையும் எவ்வளவு இருக்கு எண்டு மெஷின் சொல்லுமா? எழுத்து எந்தப் பாஷையில வரும்?" இதையெல்லாம் எழுதிக் கேட்க வேண்டிய இடத்தில் யாராவது கேட்டால் நல்லது.

பெயர் விஷயத்தில் 'போவமா' எனக்குப் பிடித்திருக்கிறது. சிங்களத்தில் 'யமு' என்று அதே பொருளில் வரும். ஆனால் பெயர் மூன்று மொழியிலும் பொருந்த வேண்டும் என்று தொடங்கினால் அதற்கே ஒரு குழு போட்டு மூன்று வருஷம் போய்விடும். கார்டில் பஸ் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, மெஷினில் மிச்சம் காட்டுகிற இடத்தைப் பெரிதாக வைக்கட்டும். மிச்சம் என்றால் தமிழில் எல்லோருக்கும் விளங்கும், இத்துரு என்றால் சிங்களத்தில் எல்லோருக்கும் விளங்கும்.

மன்னார்க்காரி:

அதுசரி, யாராவது அடுத்த மாதம் லண்டன் போகிறீர்களா? என் சிப்பிக் கார்டில் 4 பவுண்ஸ் சொச்சம் அப்படியே கிடக்கிறது. உள்ளே போட்ட காசு காலாவதி ஆகாது என்று மகள் சொல்கிறாள். பஸ்ஸில் என்றால் ஏறும்போது மட்டும் தொடுங்கோ.