ஜாமீனில் வந்திருக்கும் பையனை மெஸ்ஸில் வேலைக்குச் சேர்க்கலாமா?

மெஸ்காரம்மா எழுதியது:

வணக்கம். சோழிங்கநல்லூரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். காலை டிபன், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள். ஒரு விஷயத்தில் மனசு நாலு நாளாகக் குழம்பிக் கிடக்கிறது.

என்னிடம் ஏழு வருஷமாகப் பாத்திரம் கழுவும் அம்மா ஒருவர் இருக்கிறார். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் வீடு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து அங்கே அனுப்பப்பட்ட குடும்பம். இந்த வருஷ ஆரம்பத்தில் வாரம் ஒரு நாள் "மனு பார்க்கப் போகணும்" என்று லீவு கேட்பார். ரேஷன் கார்டு மனுவாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது புழல் மனு. ஜெயிலில் இருக்கிற மகனைப் பார்க்கப் போயிருக்கிறார்.

பையனுக்கு 19 வயது. அடையாறு பக்கம் நடந்து போன ஒரு பெண்ணின் கையிலிருந்து செல்போனைப் பறித்திருக்கிறான். பைக் ஓட்டியது வேறொருவன், கையை நீட்டியது இவன். ஒரு வாரத்தில் பிடித்துவிட்டார்கள். உள்ளே 47 நாள். அதில் கடைசி 12 நாள் ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாத நாட்கள். ஜாமீன்தாரர் இரண்டு பேர் அமையவில்லையாம்.

இப்போது அந்த அம்மா கேட்கிறார்: "பார்சல் கட்டவாவது வெச்சுக்கம்மா, வீட்ல சும்மா இருந்தா மறுபடி அந்தப் பசங்களோடதான் சேருவான்."

சட்டென்று சரி என்று சொல்ல முடியவில்லை. 2019-ல் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் கழுத்திலிருந்து மூன்று பவுன் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது பீரோவில் இருக்கிறது, செயின் வரவில்லை. பைக் சத்தம் பக்கத்தில் கேட்டால் இன்றைக்கும் கை தானாகக் கழுத்துக்குப் போகும். இந்தப் பையனைப் பார்க்கும்போது எனக்கு அந்த பைக்தான் ஞாபகம் வருகிறது. அவன் அம்மா அடுப்படியில் குனிந்து குண்டானைத் தேய்ப்பதைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இன்னொரு சிக்கல். தினமும் காலை 10.30-க்கு அவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், கண்டிஷன் ஜாமீன். ஸ்டேஷன் அடையாறு பக்கம். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில் ஒன்பது மணிக்கே கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். எனக்கு டிபன் கூட்டம் எட்டிலிருந்து பத்து வரை. எனக்கு ஆள் தேவைப்படுகிற நேரத்தில் அவன் பஸ்ஸில் இருப்பான்.

கேட்கிறேன், சொல்லுங்கள். சேர்க்கலாமா? சேர்த்தால் எனக்குச் சட்டச் சிக்கல் வருமா?

வேளச்சேரி ரவா தோசை எழுதியது:

அக்கா, நானும் கடைக்காரன்தான். வேண்டாம். 2017-ல் இதே மாதிரி ஒருவனைச் சேர்த்தேன். ஆறு மாதம் தங்கமாக இருந்தான். தீபாவளிக்கு முந்தின நாள் கல்லாவோடு போய்விட்டான். அந்த வருஷம் பையன்களுக்கு போனஸ் கொடுக்க மனைவியின் வளையலை அடகு வைத்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அவன் குடியிருக்கிற பிளாக்கில் எத்தனை பையன்கள் விடிகாலையில் மஞ்சள் பை, ஆரஞ்சு பை மாட்டிக்கொண்டு டெலிவரிக்குக் கிளம்புகிறார்கள்! அவர்களும் அதே வெள்ளத்தில் வந்தவர்கள்தானே? அதே ரேஷன் அரிசி, அதே பள்ளிக்கூட முட்டை. அவர்கள் யாரும் கை நீட்டவில்லையே. அரசாங்கம் வீடு கொடுத்தது, சோறு போட்டது. கையை அடக்குகிற வேலையையும் அரசாங்கமே செய்ய முடியுமா? ஏற்கெனவே வேலை கேட்டு நிற்கிற நல்ல பையனை விட்டுவிட்டு இவனைச் சேர்த்தால், ஒழுங்காக இருந்தவனுக்கு நாம் என்ன சொல்கிறோம்?

அந்த அம்மாவுக்குச் சம்பளத்தை ஐந்நூறு கூட்டிக் கொடுங்கள். அது நியாயம்.

சைதை கோர்ட் வாசல் எழுதியது:

வக்கீல் தொழிலில் 14 வருஷம். இந்த மாதிரிப் பையன்கள்தான் என் தினசரி. மேடம் கேட்ட சட்டக் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

ஜாமீனில் இருப்பவரை வேலைக்கு வைக்கத் தடை எதுவும் இல்லை. வழக்கு இன்னும் முடியவில்லை, அவன் குற்றவாளி என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை. அவனுடைய இந்த வழக்கால் உங்கள் மீது எந்தப் பொறுப்பும் வராது. ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

2024 ஜூலை 1-லிருந்து பறிப்பு தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 304-வது பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. அதற்கு முன்னால் பழைய சட்டத்தில் திருட்டு, வழிப்பறி என்று ஏதாவது ஒன்றில் போடுவார்கள்.

தினசரிக் கையெழுத்து கல்லில் வெட்டியதல்ல. ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில் நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். இத்தனை நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான், இன்ன இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று காட்டினால் வாரம் ஒரு நாள் என்று மாற்றுவது சகஜம். உங்கள் லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அவன் அம்மாவையே கூப்பிடச் சொல்லுங்கள்.

இந்தக் கையெழுத்து விஷயத்தைக் கோர்ட்டுக்கு வெளியே யாரும் யோசிப்பதில்லை. 10.30-க்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டியவனுக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பார்? வேலை இல்லாதவன் பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த ஸ்டேஷன் வாசல் டீக்கடையில்தான் நிற்பான். அங்கே அவனைப் போலவே கையெழுத்துப் போட வந்த பத்துப் பேர் நிற்பார்கள். அந்த டீக்கடையில் என்ன படிப்பு நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜாமீன்தாரர் கிடைக்காமல் 12 நாள் உள்ளே இருந்தான் என்றீர்கள். 1978-ல் மோத்தி ராம் வழக்கில் ஒரு ஏழைக் கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்து எழுதினார். அப்புறமும் நம் ஜெயில்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். 2022 தேசியக் குற்ற ஆவணக் கணக்குப்படி நூற்றுக்கு 75 பேருக்கு மேல்.

கடைசியாக ஒன்று. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஜெயிலுக்குப் பதிலாக நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்க வழி செய்வது. 21 வயதுக்குக் கீழே உள்ளவனை இந்த மாதிரி வழக்கில் ஜெயிலுக்கு அனுப்பும் முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோர்ட் கேட்க வேண்டும். அனுப்புவதாக இருந்தால் காரணம் எழுத வேண்டும். அந்த அலுவலர் விசாரிப்பது என்ன தெரியுமா? வீடு எப்படி, வேலை உண்டா, முதலாளி என்ன சொல்கிறார். ஆனால் குற்றம் செய்த நாளின் வயது கணக்கில்லை, கோர்ட் குற்றவாளி என்று சொல்லும் நாளின் வயதுதான் கணக்கு. வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தால் 21 தாண்டிவிடும். இதைப் பையனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள்.

ரவா தோசை சார், உங்கள் 2017 கதை உண்மைதான், அந்த மாதிரி ஆட்களுக்கும் நான் ஆஜராகியிருக்கிறேன். அதனால்தான் கல்லாவில் உட்கார வைக்கச் சொல்லவில்லை.

நைட் ஷிஃப்ட் எழுதியது:

நான் கண்ணகி நகர்ப் பையன். அதுவும் பெரும்பாக்கம் மாதிரி இடம் மாற்றப்பட்டவர்களின் குடியிருப்புதான். 2000-களில் முதலில் வந்த குடும்பங்களில் ஒன்று. முதல் இன்டர்வியூவுக்குப் பயோடேட்டாவில் "துரைப்பாக்கம்" என்று மட்டும் எழுதினேன். எங்கள் ஏரியாவில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். லோன், வாடகை வண்டி, பார்சல், எல்லாவற்றுக்கும் கண்ணகி நகர் என்ற பேர் குறுக்கே நிற்கும். 2025-ல் எங்கள் ஊர் கார்த்திகா பஹ்ரைனில் கபடியில் தங்கம் வாங்கி வந்த பிறகு சிலர் துணிந்து முழு முகவரியும் எழுதுகிறார்கள்.

அதற்காக, இடம் மாற்றினார்கள், அதனால் பறித்தான் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. என் அண்ணனும் அதே வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், மீன் லோடு இறக்கினான், யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. இந்தப் பையன் செய்ததற்கு இவன்தான் பொறுப்பு. ஆனால் அண்ணனுக்கு லோடு இறக்கக் கூப்பிட்ட ஒரு ஆள் இருந்தார். காசிமேட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு. அந்த ஆள் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என் அம்மா இன்னமும் சொல்வார்.

பத்தாவது முடித்திருந்தால் ஐ.டி.ஐ. கேளுங்கள், அம்மா. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். கேஸ் இருப்பதால் அது நிற்காது என்று நினைக்கிறேன், வக்கீல் சார் சரிபார்த்துச் சொல்லட்டும்.

ஈ.எம்.ஐ. பாக்கி எழுதியது:

மூன்று பேரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்த இன்னொரு பக்கம். என் ஃபோன் போனது திருவான்மியூரில். பிடுங்கின வேகத்தில் முட்டி தரையில் தேய்ந்து ஆறு தையல். ஃபோனுக்கு ஏழு மாத ஈ.எம்.ஐ. பாக்கி, இல்லாத ஃபோனுக்கு மாதம் 2,300 கட்டினேன். சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் ஃபோனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கினேன். எட்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அது வழக்குச் சொத்து என்று கோர்ட்டில் மனு போட்டு வாங்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் "உனக்கு என்ன வேண்டும்?" என்று யாரும் கேட்கவில்லை. பறித்தவன் ஜெயிலில் கிடந்தான் என்பதற்காக என் முட்டி ஆறிவிடவில்லை. அவன் வெளியே வந்து வேலை செய்தால் எனக்கு வயிற்றெரிச்சலும் இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில் ஒரு பைசாவாவது பறிகொடுத்தவளுக்குப் போகிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

சைதை கோர்ட் வாசல் எழுதியது:

ஈ.எம்.ஐ. சகோதரி கேட்டது நியாயம். அதே நன்னடத்தைச் சட்டத்தின் 5-வது பிரிவில், விடுவிக்கப்படுகிறவன் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவிடலாம். யாரும் கேட்பதில்லை, அதனால் கோர்ட்டும் போடுவதில்லை. மேடம், ஒரு எச்சரிக்கை: பையனோ அவன் அம்மாவோ அந்தப் பெண்ணை நேரில் தேடிப் போய்ப் பணம் நீட்டக் கூடாது. சாட்சியைக் கலைக்கப் பார்த்தான் என்று ஜாமீனே ரத்தாகிவிடும். எதுவானாலும் கோர்ட் வழியாக. தமிழ்ப் புதல்வன் விதிமுறையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வேளச்சேரி ரவா தோசை எழுதியது:

சரி, நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன். சேர்ப்பதாக இருந்தால் முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள் அக்கா. தினக்கூலி.

மெஸ்காரம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் போடப் பத்து நாளாகிவிட்டது, மன்னியுங்கள்.

சேர்த்துவிட்டேன். தினக்கூலிதான், ரவா தோசை தம்பி. கல்லாப் பக்கம் வேலை இல்லை. காலை ஐந்து மணிக்கு வருகிறான், ஒன்பதுக்குக் கையெழுத்துக்கு ஓடுகிறான், பன்னிரண்டுக்குத் திரும்பி வந்து சாப்பாட்டுப் பார்சல். அம்மாவுக்கு பஸ் இலவசம், இவனுக்கு டிக்கெட். போய் வரும் காசை நான் தருவதில்லை, அவன் கூலியிலிருந்துதான் போகிறது. அது அவன் கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே உட்கார வைத்து என் கழுத்துத் தழும்பைக் காட்டினேன். திட்டவில்லை, காட்டினேன். அவன் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "அந்த அக்கா விழல" என்றான். "நீ திரும்பிப் பார்த்தியா?" என்றேன். பதில் இல்லை. கூலியில் தினம் ஐம்பது ரூபாய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறேன், கோர்ட் கேட்கும் நாளுக்கு. அவனுக்கு அதில் முகச்சுளிப்புதான். இருக்கட்டும்.

மற்ற பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. மாவு அரைக்கிற அண்ணன் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் கிரைண்டர் பெல்ட் அறுந்தபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் மாட்டினார்கள். பார்சல் கட்டுகிற கை நல்ல கை. சாம்பார்க் கவரைக் காற்றில்லாமல் முறுக்கி ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் நான் ஒரு தோசை திருப்பியிருக்க மாட்டேன்.

நேற்று ஒரு கஸ்டமர் டேபிளில் ஃபோனை வைத்துவிட்டுப் போய்விட்டார். இவன் தண்ணீர் வைக்கப் போனவன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு டேபிளுக்கு ஒரு அடி தள்ளி நின்றான். "யம்மா, ஃபோனு கெடக்குது, நீங்க வந்து எடுங்க" என்று அங்கிருந்தே கத்தினான். கடையே திரும்பிப் பார்த்தது. நான் போய் எடுக்கிற வரை கையை முன்னால் கொண்டுவரவில்லை.

வக்கீல் தம்பி, தளர்வு மனு அடுத்த செவ்வாய் என்று சட்ட உதவி வக்கீலம்மா சொன்னார். லெட்டர்பேடு என்னிடம் கிடையாது. மெஸ் பில் புத்தகத்தில் எழுதி சீல் வைத்துக் கொடுத்தால் செல்லுமா?